ஆழ்வார்க்கடியானுக்குக் கல்வெட்டு இல்லை

பொன்னியின் செல்வன் படித்தவர்களிடம் "உனக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். வந்தியத்தேவன் என்பார்கள். கொஞ்சம் வித்தியாசமாகத் தெரிய வேண்டும் என்று நினைப்பவர்கள் நந்தினி என்பார்கள். அமைதியான ஆட்கள் பூங்குழலி, வானதி என்று போவார்கள். எங்கள் வகுப்பில் ஒருத்தன் சின்னப் பழுவேட்டரையர் என்றான். அவன் எப்போதுமே அப்படித்தான். ஆழ்வார்க்கடியான் நம்பி என்று சொன்ன ஒரே ஆள் நான். "அந்தக் காமெடி பீஸா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். 2022-லும் 2023-லும் படம் வந்த பிறகுதான் புத்தகத்தையே கையில் எடுத்தவர்கள் இவர்கள். அதனால் அவர்களுக்கு அவன் பெயர் ஆழ்வார்க்கடியான் கூட இல்லை, "ஜெயராம்".

சரி, சிரித்து முடித்துவிட்டீர்களா? இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் படிக்காதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். கல்கி இந்தக் கதையைத் தன் 'கல்கி' பத்திரிகையில் 1950-லிருந்து 1954 வரை தொடராக எழுதினார். சுந்தர சோழர் நோயில் படுத்திருக்கிறார். அடுத்து யார் பட்டத்துக்கு வருவது என்று நாடே கிசுகிசுக்கிறது. மூத்த மகன் ஆதித்த கரிகாலனைக் கொல்ல ஒரு கூட்டம் சபதம் எடுத்துக்கொண்டு திரிகிறது. இத்தனைக்கும் நடுவில் முதன்மந்திரி அநிருத்தப் பிரம்மராயர் என்று ஒருவர், எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு எதுவும் தெரியாதவர் போல இருக்கிறார். அவருடைய ஒற்றன்தான் நம்ம ஆள். உண்மைப் பெயர் திருமலை. குட்டை, குண்டு, முன்குடுமி, உடம்பெல்லாம் சந்தனம் குழைத்துப் போட்ட நாமம், கையில் ஒரு தடி. மணியம் வரைந்த படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த உருவம் மறக்காது. அநிருத்தர் சரித்திரத்தில் நிஜமாகவே இருந்தவர். ஆழ்வார்க்கடியான் கல்கியின் கற்பனை.

நெய்வேலிக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். எங்கள் ஊரின் சரித்திரம் வேடிக்கையானது. மண்ணுக்குக் கீழே போனால் பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான வருஷம் பழசு. மண்ணுக்கு மேலே இருப்பதெல்லாம் 1956-ல் கம்பெனி தொடங்கியதற்குப் பிறகு வந்தது. வட்டங்களுக்கு நம்பர்தான் பெயர், தெருவெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. இரண்டுக்கும் நடுவில் ராஜா, ராணி, கோட்டை எதுவும் டவுன்ஷிப்புக்குள் கிடையாது. ஆனால் பஸ் ஏறி வடலூர், சேத்தியாத்தோப்பு தாண்டினால் வீராணம் ஏரி. பராந்தக சோழர் காலத்தில் அவருடைய மகன் ராஜாதித்தன் வெட்டுவித்ததாகச் சொல்லப்படும் ஏரி. 2004-லிருந்து சென்னைக்குக் குழாயில் தண்ணீர் போகிறதே, அதே ஏரிதான். பொன்னியின் செல்வனின் முதல் அத்தியாயம் இந்த ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது. ஆடிப் பதினெட்டு, கரையில் கூட்டம், குதிரையில் வந்தியத்தேவன். ஏரியின் தெற்குக் கோடியில் இருக்கும் வீரநாராயணபுரம், அதாவது இன்றைய காட்டுமன்னார்கோயில், ஆழ்வார்க்கடியான் அறிமுகமாகும் இடம். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகளும் அவருடைய பேரன் ஆளவந்தாரும் பிறந்த ஊரும் அதுவே. ஒரு வீர வைஷ்ணவனை அறிமுகப்படுத்த கல்கி சும்மா ஒன்றும் அந்த ஊரைப் பிடிக்கவில்லை.

அந்த அறிமுகத்தைக் கவனியுங்கள். ஒற்றன் என்றால் நமக்கு என்ன தோன்றும்? ஜேம்ஸ் பாண்ட். கோட்டு, கறுப்புக் கண்ணாடி, யாரும் பார்க்காத மூலையில் நின்று பார்ப்பவன். ஆழ்வார்க்கடியான் அறிமுகமாவதே ஒரு தெருச் சண்டையில். ஒரு சைவர், ஒரு அத்வைதி, நடுவில் இவன். பெருமாள் பெரியவரா சிவன் பெரியவரா என்று ஊரே கூடி வேடிக்கை பார்க்கிற அளவுக்குக் கத்துகிறான், தடியைத் தூக்குகிறான். வந்தியத்தேவன் வந்து விலக்கிவிடும் அளவுக்குப் போகிறது.

முதல் தடவை படிக்கும்போது இதெல்லாம் சிரிப்புக்காக என்று தாண்டிப் போய்விடுவோம். இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் தலையில் குட்டு விழும். ஒருத்தன் இவ்வளவு சத்தமாக இருந்தால் அவனிடம் ரகசியம் இருக்கும் என்று எவனாவது நினைப்பானா? சண்டைக்காரன், வாய்ச்சவடால் பேர்வழி என்று முத்திரை குத்திவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவன் எந்த ஊருக்குப் போனாலும், எந்தக் கோயிலில் உட்கார்ந்தாலும், "பாசுரம் பாட வந்திருக்கிறான்" என்பதற்கு மேல் யாரும் யோசிக்கப் போவதில்லை. திருக்குறளில் ஒற்றாடல் என்று ஒரு அதிகாரமே இருக்கிறது, 59-வது. சந்தேகப்பட முடியாத தோற்றம் வேண்டும், துறவி வேஷத்தில் எங்கும் நுழைய வேண்டும் என்றெல்லாம் அங்கேயே பாடம் நடத்தியிருக்கிறார் வள்ளுவர். அர்த்தசாஸ்திரத்திலும் சாமியார், விவசாயி, வியாபாரி என்று ஒற்றர் வேஷங்களுக்கு ஒரு பட்டியலே உண்டு. (வியாபாரியும் உண்டு என்பதை பி.காம். மக்கள் கவனிக்கவும்!)

ஆனால் கல்கி அதற்கு மேலே ஒரு படி போகிறார். ஆழ்வார்க்கடியானின் பக்தி வேஷம் கிடையாது. அவன் நிஜமாகவே ஆழ்வார் பாசுரத்தில் உருகுகிறவன். அன்று கோயிலில் அவன் பாடும்போது கேட்டவர்கள் கண் கலங்குகிறார்கள். அது நடிப்பில் வருகிற கண்ணீர் இல்லை. கல்கியின் மற்ற கதைகளில் வேஷத்துக்குப் பஞ்சமே இல்லை. சிவகாமியின் சபதத்தில் மகேந்திர பல்லவர் வஜ்ரபாகுவாக வருகிறார், பார்த்திபன் கனவில் நரசிம்ம பல்லவர் சிவனடியாராக வருகிறார். கடைசியில் வேஷத்தைக் கலைத்ததும் "ஆ!" என்று நாம் வாயைப் பிளக்க வேண்டும், அவ்வளவுதான். ஆழ்வார்க்கடியானிடம் அந்த விளையாட்டு பெரும்பாலும் இல்லை. கலைக்க என்ன இருக்கிறது? நாமமும் அவனுடையது, பாசுரமும் அவனுடையது, கோபமும் அவனுடையது. தனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றையே அவன் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டையாக்கிவிட்டான்.

இது சாதாரண விஷயமாக எனக்குப் படவில்லை. கோயிலில் உருகிப் பாடிய அதே மனிதன், அன்று ராத்திரியே கடம்பூர் மாளிகை மதில் சுவரில் ஏறிக்கொண்டிருக்கிறான். பாடும்போது அவன் மனசில் எந்த மூலையிலாவது "இன்று யார் யார் இந்தப் பக்கம் வந்தார்கள்" என்ற கணக்கு ஓடியிருக்காதா? ஓடியிருந்தால் அந்தப் பாட்டு யாருக்கு, பெருமாளுக்கா அநிருத்தருக்கா? கல்கி இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. எனக்குத்தான் அரித்துக்கொண்டே இருக்கிறது.

கடம்பூர் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த நடுநிசிக் கூட்டம் எத்தனை பேருக்குத் தூக்கத்தைக் கெடுத்திருக்கும்! சம்புவரையர் மாளிகையில் சிற்றரசர்கள் கூடி, மதுராந்தகனைப் பட்டத்துக்குக் கொண்டுவரச் சதி செய்கிறார்கள். அதே மாளிகையில் நண்பன் வீட்டு விருந்தாளியாகத் தங்கியிருக்கும் வந்தியத்தேவன் எதேச்சையாகப் பார்த்துவிடுகிறான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிரே மதில் மேல் ஒரு தலை தெரிகிறது. குடுமியோடு! பகலில்தான் அவன் "தம்பி, என்னையும் கடம்பூர் மாளிகைக்குள் அழைத்துக்கொண்டு போயேன்" என்று கேட்டு, வந்தியத்தேவன் முடியாது என்று சொல்லியிருந்தான். வாசல் இல்லையென்றால் மதில்.

இங்கே ஒரு அழகு பாருங்கள். வந்தியத்தேவன் கரிகாலனின் தூதன், ஆழ்வார்க்கடியான் முதன்மந்திரியின் ஆள். இரண்டு பேரும் சோழ ராஜ்யம் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள்தான். ஆனால் ஒருவனுக்கு ஒருவன் யார் என்று தெரியாது. கதை பாதி தாண்டும் வரை ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டே திரிகிறார்கள். ஒரு ஒற்றனை இன்னொரு ஒற்றன் அறியாமல் ஆளவேண்டும், மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால்தான் நம்ப வேண்டும் என்ற வள்ளுவர் கணக்கும் இதுதான். எங்கள் பாடத்தில் இதற்கு 'இன்டர்னல் செக்' என்று பெயர். பணம் வாங்குபவன் ஒருத்தன், கணக்கு எழுதுபவன் வேறொருத்தன். இரண்டு பேரும் கூட்டாளி ஆகிவிட்டால் கதை கந்தல்.

ஆனால் லெட்ஜருக்கு வலிக்காது, ஆளுக்கு வலிக்கும். வந்தியத்தேவனுக்குக் கந்தமாறன் என்ற நண்பன் இருந்தான் (அவன் எப்படிப்பட்ட நண்பன் என்பது வேறு கதை), குந்தவை கிடைத்தாள், சேந்தன் அமுதன் வீட்டில் சாப்பாடு கிடைத்தது, அருள்மொழியின் நட்பு கிடைத்தது. ஆழ்வார்க்கடியானுக்கு யார் இருந்தார்கள்? யோசித்துப் பாருங்கள். திருப்புறம்பயம் பள்ளிப்படைக் காட்டில் நள்ளிரவில் ரவிதாசனும் அவன் கூட்டாளிகளும் கூடும் இடத்துக்கு ஒளிந்து பின்தொடர்ந்து போகிறானே, மாட்டியிருந்தால் அவன் என்ன ஆனான் என்று தேட ஒருத்தர் கூடக் கிடையாது. அநிருத்தர்? அவர் வேறு ஆளைப் போட்டிருப்பார்.

இந்த இடத்தில் என் பாடப்புத்தகத்தைத் திறக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். பி.காம். படிப்பவர்கள் எல்லோரும் தொழில் சட்டம் என்று ஒரு பேப்பரில் 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தாக வேண்டும். அதில் 182-வது பிரிவிலிருந்து முகவாண்மை வரும். இன்னொருவருக்காக வேலை செய்பவன், அல்லது மூன்றாம் மனிதரிடம் இன்னொருவர் சார்பில் நிற்பவன் முகவர். யாருக்காகச் செய்கிறானோ அவர் முதல்வர். தமிழில் படிக்கும்போது எனக்கு இந்த முதல்வர் என்ற வார்த்தை வந்தாலே அநிருத்தர் முகம்தான் வரும். சீக்ரெட் ஏஜென்ட் என்று சொல்கிறோமே, சட்டப்படி பார்த்தாலும் அவன் ஏஜென்ட்தான்!

விளையாட்டாக ஒவ்வொரு பிரிவாக ஆழ்வார்க்கடியானுக்குப் பொருத்திப் பார்த்தேன். 213: முதல்வர் கேட்டால் முகவர் சரியான கணக்குக் காட்ட வேண்டும். காட்டினான், பைசா சுத்தமாக. 222: சட்டப்படியான வேலையைச் செய்யும்போது முகவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதை முதல்வர் ஈடுகட்ட வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டு பிரிவு தள்ளி 224 இருக்கிறது. குற்றமான வேலையைச் செய்யச் சொல்லி ஒருவர் இன்னொருவரை அமர்த்தினால், அதனால் வரும் நஷ்டத்துக்கு அவர் பொறுப்பில்லை. வாயால் வாக்குக் கொடுத்திருந்தாலும் செல்லாது.

கடம்பூர் மதிலைத் தாண்டியது எந்தப் பிரிவில் வரும்? அடுத்தவர் வீட்டுக்குள் ராத்திரி திருட்டுத்தனமாக நுழைவது எந்த ராஜா காலத்திலும் சட்டப்படியான வேலை இல்லை. பிடித்திருந்தால் சம்புவரையர் ஆட்கள் அடித்தே கொன்றிருப்பார்கள், அநிருத்தர் "யார் அந்தக் குடுமிக்காரன்?" என்று கேட்டிருப்பார். கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒப்புக்கொண்டால் முதன்மந்திரியே சிற்றரசர்களை வேவு பார்த்தார் என்று ராஜ்யம் இரண்டாக உடையும். ஆக, ஒற்றனின் வாழ்க்கை முழுக்க 224-வது பிரிவுக்குள்ளேயே நடக்கிறது. லாபம் முதல்வருக்கு, நஷ்டம் முகவருக்கு.

இதெல்லாம் ராஜா காலத்துக் கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் என்னோடு படிக்கும் ஒருத்தன் லீவில் ஒரு பார்ட் டைம் வேலைக்குப் போனான். வாடிக்கையாளர் மாதிரி நடித்துக் கடைக்குள் போக வேண்டும். அங்கே வேலை செய்பவர்கள் வணக்கம் சொன்னார்களா, எத்தனை நிமிஷத்தில் வந்தார்கள், விலை அதிகமான சாமானை முதலில் காட்டினார்களா என்று பார்த்துவிட்டு, வெளியே வந்து ஒரு ஃபார்மில் மார்க் போட வேண்டும். மிஸ்டரி ஷாப்பர் என்று பெயர். ஒரு கடைக்கு இவ்வளவு என்று காசு. கடலூர், பாண்டிச்சேரி எல்லாம் சுற்றினான். "செம ஜாலிடா, ஜேம்ஸ் பாண்ட் மாதிரி" என்றான் முதல் வாரம்.

மூன்றாவது வாரம் ஒரு துணிக்கடை. அங்கே இருந்த அக்கா இவன் வெயிலில் வந்ததைப் பார்த்து முதலில் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். "அவ்வளவு காசு போட்டு எடுக்காதே தம்பி, அடுத்த வாரம் தள்ளுபடி வருது, அப்ப வா" என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஃபார்மில் அதற்கு என்ன கட்டம் என்று பார்த்தால், 'வாடிக்கையாளரை வாங்கத் தூண்டினாரா' என்ற கேள்விக்கு இல்லை என்பதைத்தான் டிக் செய்ய வேண்டும். அவன் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான். கடைசியில் என்ன டிக் செய்தான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அதோடு அந்த வேலையை விட்டுவிட்டான். அவனுக்கு விட முடிந்தது.

ஆழ்வார்க்கடியானுக்கு இருந்த அந்தத் துணிக்கடை அக்கா நந்தினி. கதை படித்தவர்களுக்குத் தெரியும், நந்தினி அவன் வீட்டில் அவனுக்குத் தங்கையாக வளர்ந்தவள். இரண்டு பேருமாக ஊர் ஊராகப் போய் ஆழ்வார் பாசுரங்களைப் பாடி வைஷ்ணவத்தைப் பரப்ப வேண்டும் என்று கனவு கண்டவன் அவன். அவளோ கிழவர் பெரிய பழுவேட்டரையரை மணந்துகொண்டு பழுவூர் இளையராணி ஆகிவிட்டாள். சதிகாரக் கூட்டத்துக்கும் அவளுக்கும் இருக்கும் தொடர்பு கதை போகப் போக வெளிப்படுகிறது. இவன் சேகரித்துக் கொண்டுபோய் அநிருத்தரிடம் சொல்லும் ஒவ்வொரு செய்தியும் அவள் கழுத்துக்கு ஒரு முழம் கயிறு. சொல்லாமல் விட்டால் கரிகாலன் உயிருக்கு ஆபத்து. 'என் தங்கை, கொஞ்சம் தயவு பண்ணுங்கள்' என்று எழுத அநிருத்தரின் ஃபார்மிலும் கட்டம் கிடையாது.

ஈழத்தில் நடக்கும் ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். தம்பள்ளைக்கு, அதாவது இன்றைய தம்புள்ளைக்கு, வந்தியத்தேவனும் ஆழ்வார்க்கடியானும் சேர்ந்தே போய் அருள்மொழிவர்மனைச் சந்திக்கிறார்கள். அக்கா குந்தவை பழையாறைக்கு வா என்கிறாள். அண்ணன் கரிகாலன் பார்த்திபேந்திரனை அனுப்பி காஞ்சிக்கு வா என்கிறான். அநிருத்தரோ இப்போதைக்கு ஈழத்திலேயே இரு என்கிறார். மூன்று முதல்வர்கள், மூன்று முகவர்கள், ஒரே ஒரு இளவரசன். வந்தியத்தேவன் தன் செய்திக்காகச் சண்டையே போடுவான், ஏனென்றால் அதில் அவன் காதலும் கலந்திருக்கிறது. ஆழ்வார்க்கடியான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறான். அவனுடைய சொந்த அபிப்பிராயம் என்ன என்று எனக்கு எப்போதுமே தெரிந்துகொள்ள ஆசை. இளவரசரும் கேட்கவில்லை, நாமும் கேட்பதில்லை.

இவ்வளவு செய்தும் கடைசியில் என்ன நடந்தது? இதுதான் எனக்குத் தாங்க முடியாத இடம். சதி நடக்கிறது என்பது தெரியும். யார் செய்கிறார்கள் என்பது தெரியும். கரிகாலன் கடம்பூருக்குப் போகக் கூடாது என்று சொல்ல வந்தியத்தேவனும் ஆழ்வார்க்கடியானும் ஓடுகிறார்கள். கரிகாலன் போகிறான். கொல்லப்படுகிறான். ஒற்றன் கண்ணும் காதுமாக இருக்கலாம், தலையெழுத்தை மாற்ற அவன் கையில் ஒன்றும் இல்லை. தகவல் கொண்டுவருவது அவன் வேலை, கேட்பதும் கேட்காததும் ராஜா இஷ்டம்.

கொலை கற்பனை இல்லை என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். காட்டுமன்னார்கோயிலில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கே உண்டு. ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985-ல். கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயரும், அவர்களுடைய சொந்தபந்தங்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்த விவரமும் அதில் இருக்கின்றன. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன். பட்டங்களைப் பாருங்கள். பிரமாதிராஜன் என்பது அரசாங்கம் பெரிய அதிகாரிகளுக்குக் கொடுக்கும் பட்டம். அநிருத்தருக்கும் அதே பட்டம்தான். கொன்றவர்கள் வெளியிலிருந்து வந்த மந்திரவாதிகள் இல்லை, உள்ளே இருந்த அதிகாரிகள். இதை வைத்துச் சரித்திர ஆசிரியர்கள் வருஷக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்கள். நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார், சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். இப்போது யூட்யூபில் தொடர்கிறது.

போன டிசம்பரில் நாங்கள் நாலு பேர் போய்ப் பார்த்தோம். கோயிலில் இருந்த பெரியவர் ஒருவர் "அதோ, அந்தச் சுவர்" என்று காட்டினார். எங்கள் நாலு பேருக்கும் ஒரு வரி கூடப் படிக்க வரவில்லை. தமிழ்தானே என்று தைரியமாகப் போனோம், எழுத்தே வேறு மாதிரி இருந்தது. கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, டீக்கடைக்குப் போய்விட்டோம். என் மனசு மட்டும் அந்தச் சுவரிலேயே இருந்தது.

யோசித்துப் பார்த்தால், கதையில் வரும் பலருக்கும் எங்காவது ஒரு எழுத்து இருக்கிறது. அநிருத்தருக்கு அன்பில் செப்பேடு இருக்கிறது, சுந்தர சோழர் அவருக்கு நிலம் கொடுத்ததைச் சொல்வது. அவர் குடும்பம் திருவரங்கத்துப் பெருமாளின் பக்தர்கள் என்பது வரை அதில் உண்டு. வந்தியத்தேவனுக்குத் தஞ்சைப் பெரிய கோயில் இருக்கிறது, குந்தவையின் கணவர் என்று அவர் பெயர் அங்கே கல்லில் வருகிறது. குந்தவைக்கும் ராஜராஜனுக்கும் கேட்கவே வேண்டாம். கொலைகாரர்களுக்குக் கூட உடையார்குடி இருக்கிறது! ஆயிரம் வருஷம் கழித்து பி.காம். பசங்க நாலு பேர் வந்து தடவிப் பார்க்கிறார்கள்.

சோழர்களிடம் ஒற்றர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? கடல் தாண்டிப் படை அனுப்பியவர்களுக்கு, ஊர் ஊராகக் குடவோலை வரை ஏற்பாடு வைத்திருந்தவர்களுக்கு, எதிரி நாட்டில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஆள் இல்லாமல் முடியுமா? கட்டாயம் இருந்திருப்பார்கள். கல்லில் பெயர் பொறிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஒற்றாடல் அதிகாரத்தின் கடைசிக் குறளே இதைத்தான் சொல்கிறது. ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் மறைத்து வைத்திருந்ததை நீயே வெளியே விட்டதாக ஆகும். வள்ளுவர் சொன்னது நிர்வாகத்துக்கு நியாயம்தான். ஆனால் அந்த ஒற்றன் வீட்டில் அம்மா என்று ஒருத்தி இருந்தால், "என் பையன் என்ன வேலை பார்க்கிறான்?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் என்ன சொல்லியிருப்பாள்? ஊர் சுற்றுகிறான், கோயில் வாசலில் சண்டை போடுகிறான் என்றுதானே?

அதனால்தான் ஆழ்வார்க்கடியான் எனக்கு காமெடி பீஸ் இல்லை. கல்கி அந்தப் பெயர் இல்லாதவர்களில் ஒருவனைப் பிடித்து, குடுமியும் தடியும் கொடுத்து, ஐந்து பாகம் முழுக்க ஓட விட்டிருக்கிறார். 1999-ல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதிலிருந்து எந்தப் புத்தகக் கண்காட்சிக்குப் போனாலும் நாலைந்து பதிப்பகத்தின் பொன்னியின் செல்வன் அடுக்கியிருக்கிறது. அவனுக்குக் கிடைத்த எழுத்து அதுதான். கல்லில் இல்லை, காகிதத்தில். அதிலும் அட்டைப் படத்தில் அவன் வருவது அபூர்வம் :)

கடைசியாக ஒன்று. முதல் பாகத்தை எடுத்து ஆரம்ப அத்தியாயங்களை மறுபடி புரட்டிப் பாருங்கள். கடம்பூருக்குள் அழைத்துப் போக வந்தியத்தேவன் மறுத்ததும் ஆழ்வார்க்கடியான் இன்னொரு உதவி கேட்கிறான். பழுவூர் இளையராணியிடம் ஒரு சீட்டு கொடுத்தால் சேர்த்துவிடுவாயா என்று. வந்தியத்தேவன் அதற்கும் மாட்டேன் என்றுவிடுகிறான். கதை அப்படியே குதிரையேறிப் போய்விடுகிறது, நாமும் பின்னாலேயே போய்விடுகிறோம். அந்தச் சீட்டில் என்ன எழுதியிருப்பான்? அது அநிருத்தர் கேட்டு எழுதியதா, இல்லை ஒரு அண்ணன் தங்கைக்கு எழுதியதா? நான் மூன்று தடவை படித்துவிட்டேன், இரண்டு தடவை அண்ணன் என்று தோன்றியது, ஒரு தடவை ஒற்றன் என்று தோன்றியது. நீங்கள் படித்துவிட்டுச் சொல்லுங்கள். சின்னப் பழுவேட்டரையர் கட்சிக்காரனையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.